போஸ்ட்டாக் எங்கே தேடுவது? அறுபது மின்னஞ்சலுக்கு இரண்டே பதில் வந்தவருக்கு

கேட்டவர் தமிழ்நாட்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலில் பிஎச்.டி. முடிக்கும் கட்டத்தில் இருக்கிறார். எட்டு மாதத்தில் தீசிஸ் சமர்ப்பிக்க வேண்டும். முதல் ஆசிரியராக இரண்டு பேப்பர் இருக்கிறது. வெளிநாட்டுப் பேராசிரியர்கள் அறுபது பேருக்கு எழுதியதில் இரண்டு பேர்தான் பதில் போட்டிருக்கிறார்கள். ஒருவர் இடமில்லை என்றார். இன்னொருவர், "இப்போது நிதி இல்லை, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் எழுதுங்கள்" என்றார். போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிறகு சில ஆண்டு செய்யும் ஆய்வுப் பணிக்கான விளம்பரங்கள் எந்தத் தளத்தில் வரும், எப்படித் தேடுவது என்பது கேள்வி.

தளங்களின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பா முழுவதற்கும் யூராக்செஸ். பிரிட்டனுக்கு ஜாப்ஸ்.ஏசி.யூகே. நெதர்லாந்துக்கு அகாடமிக் டிரான்ஸ்ஃபர். அறிவியல் துறைகளுக்குப் பொதுவாக நேச்சர் கேரியர்ஸ். கணிதக்காரர்களுக்கு மேத்ஜாப்ஸ், துகள் இயற்பியல்காரர்களுக்கு இன்ஸ்பையர். ஒவ்வொன்றிலும் உங்கள் துறைச் சொற்களைக் கொடுத்து மின்னஞ்சல் அலர்ட் வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை, அதோடு தளங்களை விட்டுவிடலாம். தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

ஏனென்றால் விளம்பரம் வருவது கடைசிக் கட்டத்தில். நான் சென்னையில் பிஎச்.டி. முடித்து, ஜெர்மனியில் மூன்றரை ஆண்டு போஸ்ட்டாக்காக இருந்தேன். இப்போது இங்கே சின்னதாக ஒரு லேப் நடத்துகிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததில் ஒன்று சொல்ல முடியும். ஒரு பேராசிரியருக்குப் பணம் கிடைத்ததும் அவர் முதலில் யோசிப்பது தனக்குத் தெரிந்தவர்களைத்தான். கூட்டாக வேலை செய்யும் லேபில் யாராவது முடிக்கப் போகிறார்களா, மாநாட்டில் போஸ்டர் முன்னால் நின்று நல்ல கேள்வி கேட்ட அந்த மாணவர் எங்கே, ஆறு மாதத்துக்கு முன் ஒரு நல்ல கடிதம் வந்ததே, அவர் யார் என்று தேடுவார். அதன் பிறகுதான் விளம்பரம். பல பல்கலைக்கழகங்களில் ஆளை மனதில் வைத்திருந்தாலும் விதிப்படி விளம்பரம் போட்டே ஆகவேண்டும். விளம்பரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அவசியம் விண்ணப்பியுங்கள். ஆனால் அது வருவதற்கு முன்பே அந்தப் பேராசிரியருக்கு உங்கள் பெயர் தெரிந்திருந்தால் உங்கள் விண்ணப்பத்தை அவர் படிக்கும் விதமே வேறாக இருக்கும்.

அதனால், எந்தத் தளம் என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: உங்களுக்குச் சம்பளம் தரப்போகிற பணம் யாருடையது? இதற்கு இரண்டே பதில்தான். பேராசிரியர் வாங்கிய ஆய்வு நிதி, இல்லையென்றால் உங்கள் பெயரில் நீங்கள் வாங்கும் ஃபெல்லோஷிப். இரண்டுக்கும் தேடும் முறை வேறு, காலம் வேறு, எழுத வேண்டிய கடிதமும் வேறு. உங்கள் அறுபது கடிதங்களும் இந்த இரண்டில் எதைக் கேட்கின்றன என்று சொல்லாமலே போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

முதல் வழி, பேராசிரியரின் நிதி. யாரிடம் இப்போது பணம் இருக்கிறது என்பது பெரும்பாலும் பொதுவில் கிடைக்கும் தகவல். நம் மாணவர்கள் இதைப் பயன்படுத்துவதே இல்லை என்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம். ஐரோப்பிய ஆய்வு மன்றம் ஒவ்வோர் ஆண்டும் நிதி பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிடுகிறது. அதில் தொடக்கநிலை ஆய்வாளர்களுக்கான ஸ்டார்ட்டிங் கிராண்ட் என்பது ஐந்து ஆண்டுக்கு 15 லட்சம் யூரோ வரை. அதன் பட்டியல் வழக்கமாக செப்டம்பர் வாக்கில் வரும். அந்தப் பெயர்களில் பலர் இளம் பேராசிரியர்கள், லேபை அப்போதுதான் கட்டுகிறவர்கள். அடுத்த ஓராண்டுக்குள் அவர்கள் ஆள் எடுத்தே ஆகவேண்டும். நோபல் பரிசு பெற்றவருக்கு எழுதும் கடிதம் அவருடைய செயலாளரைத் தாண்டாது. இவர்களுக்கு எழுதினால் அவர்களே படிப்பார்கள்.

இதே மாதிரி அமெரிக்காவில் மருத்துவ ஆய்வுக்குப் பணம் தரும் அரசு அமைப்பான என்.ஐ.ஹெச்.சின் நிதி விவரமெல்லாம் ரிப்போர்ட்டர் என்ற அதன் தரவுத்தளத்தில் திறந்தே கிடக்கிறது. பேராசிரியர் பெயரைப் போட்டால் எந்தத் திட்டம், எவ்வளவு பணம், எந்தத் தேதியோடு முடிகிறது என்பது வரை வரும். மற்ற அறிவியல் துறைகளுக்குப் பணம் தரும் அமெரிக்க என்.எஸ்.எஃப்.புக்கும் இப்படித் தேடும் வசதி இருக்கிறது. இதே போன்ற தரவுத்தளம் ஜெர்மனிக்கு கெப்ரிஸ், பிரிட்டனுக்கு கேட்வே டு ரிசர்ச். நீங்கள் எழுத நினைக்கும் பேராசிரியரின் நிதி இன்னும் நான்கு மாதத்தில் முடிகிறது என்றால் அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்களை எடுக்க முடியாது. அதைப் பத்து நிமிடத்தில் நீங்களே பார்த்துவிடலாம். 2025-இல் அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த பல திட்டங்களின் நிதி பாதியில் நிறுத்தப்பட்டது, சில பல்கலைக்கழகங்கள் புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவைத்தன. ஆகவே அமெரிக்கா என்றால் இந்தத் தேதியைப் பார்ப்பது இன்னும் அவசியம். அமெரிக்காவில் இன்னொரு சிக்கலும் உண்டு. என்.ஐ.ஹெச். தனிநபருக்குத் தரும் எஃப்32 போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிக்கும் உரிமை உள்ளவர்களுக்கும் மட்டும்தான். நம்மைப் போன்றவர்கள் அங்கே போவது பெரும்பாலும் பேராசிரியர் நிதியில்தான்.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். இதில்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு மாதம் பத்துப் பதினைந்து கடிதங்கள் வருகின்றன. 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி, 'கிரீட்டிங்ஸ் ஆஃப் தி டே' சொல்லி, எழுதுபவர் எந்த ஆண்டு எங்கே எம்.எஸ்சி. படித்தார் என்று விளக்கி, தெரிந்த கருவிகளின் பெயர் இருபதை வரிசையாகப் போட்டு, 'உங்கள் மதிப்புமிக்க ஆய்வுக்குழுவில் ஒரு வாய்ப்பு தாருங்கள்' என்று முடியும். எழுதியவர் நல்ல ஆய்வாளராகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கடிதத்தில் என் பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். பதில் வராததற்குக் காரணம் அதுதான். நம் கல்லூரிகளில் பணிவாக எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் படிக்கிறவர் தேடுவது பணிவை அல்ல. இந்த ஆள் வந்தால் என் லேபில் என்ன நடக்கும் என்பதைத்தான் அவர் பார்க்கிறார்.

பதில் வரும் கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கும். முதல் இரண்டு வரியில் நீங்கள் யார், எப்போது முடிக்கிறீர்கள், என்ன கேட்கிறீர்கள் என்பது வந்துவிட வேண்டும். அடுத்த பத்திதான் உயிர். அவருடைய ஒரு பேப்பரை எடுத்து, அதில் அவர்கள் விட்டுவைத்த ஒரு கேள்வியையும் உங்கள் கையில் இருக்கும் ஒரு திறமையையும் சேர்த்துச் சொல்லுங்கள். உதாரணமாக: "இந்தப் புரதம் அமிலத்தன்மை கூடும்போது மட்டும் தன் துணைப் புரதத்தோடு இணைகிறது என்று நீங்கள் காட்டியிருக்கிறீர்கள். அந்தப் பிணைப்பின் வலிமையை இன்னும் அளக்கவில்லை என்று பேப்பரின் கடைசிப் பகுதியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நான் மூன்று ஆண்டாக இதே மாதிரிப் பிணைப்புகளை ஐசோதெர்மல் டைட்ரேஷன் கலோரிமெட்ரியில் அளந்து வருகிறேன். என் இரண்டாவது பேப்பரின் மூன்றாவது படம் அதுதான்." இவ்வளவு போதும். இப்படி ஒரு பத்தி எழுத அந்தப் பேப்பரை உண்மையிலேயே படிக்க வேண்டும், ஒரு கடிதத்துக்கு ஒரு நாள் ஆகும். அறுபது பேருக்கு எழுத முடியாது, எழுதவும் வேண்டாம். பன்னிரண்டு பேருக்கு எழுதுங்கள்.

மூன்றாவது பத்தியில் பணம். நேராகக் கேட்கலாம், அதில் கூச்சம் வேண்டாம்: "உங்கள் குழுவில் இடம் வரும் வாய்ப்பு உண்டா? இல்லையென்றால் உங்களை ஏற்பாளராக (என்னை லேபில் ஏற்று வழிகாட்டுபவராக) வைத்து இந்த ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன், அதன் கடைசித் தேதி இது." கையில் நிதி இல்லாத பேராசிரியரும் இந்த இரண்டாவது கேள்விக்குச் சம்மதம் சொல்ல முடியும். அவருக்குச் செலவில்லை, உங்களுக்குக் கதவு திறக்கிறது. கடிதத்தோடு இரண்டு பக்க சி.வி. ஒன்றை மட்டும் பி.டி.எஃப். ஆக இணையுங்கள். மார்க்‌ஷீட், சான்றிதழ், ஆதார் நகல் எதுவும் வேண்டாம். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் அதே மின்னஞ்சலுக்குக் கீழே மூன்று வரியில் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். எனக்கு ஜெர்மனி இடம் கிடைத்தது அந்த நினைவூட்டலுக்குத்தான். முதல் கடிதம் விடுமுறையில் போய்ச் சேர்ந்து அடியில் புதைந்துவிட்டது என்று பின்னால் அவரே சொன்னார்.

இரண்டாவது வழி, உங்கள் பெயரில் வாங்கும் ஃபெல்லோஷிப். இங்கே திறமைக்கு முன்னால் நாள்காட்டிதான் பலரை வெளியே தள்ளுகிறது. ஒவ்வொன்றுக்கும் பட்டம் வாங்கி எத்தனை ஆண்டுக்குள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஜெர்மனியின் ஹும்போல்ட் ஃபெல்லோஷிப்பின் போஸ்ட்டாக் பிரிவுக்கு நான்கு ஆண்டு. உயிரியல் துறைக்கான ஐரோப்பிய அமைப்பான எம்போவின் ஃபெல்லோஷிப்புக்கு இரண்டே ஆண்டு. ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். ஃபெல்லோஷிப்புக்கு ஆறு ஆண்டு. இந்த ஜே.எஸ்.பி.எஸ்.ஸில் பலருக்குத் தெரியாத ஒன்று, விண்ணப்பத்தை அங்கிருக்கும் ஜப்பானியப் பேராசிரியர் தன் நிறுவனம் வழியாகப் போடுவதுதான் வழக்கமான முறை. அவர் உங்களுக்காக உட்கார்ந்து எழுத வேண்டுமென்றால் அவரோடு ஆறேழு மாதத்துக்கு முன்பே பழக்கம் இருக்க வேண்டும். பன்னிரண்டு முதல் இருபத்து நான்கு மாதத்துக்கு, மாதம் 3,62,000 யென் தருகிறார்கள்.

எல்லோரும் கேட்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் மரீ ஸ்க்வொடோவ்ஸ்கா கியூரி போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். நீங்கள் போகும் நாட்டில், கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது என்பது முக்கிய விதி. இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. கடைசித் தேதி வழக்கமாக செப்டம்பரில் வரும். ஆனால் செப்டம்பரில் விண்ணப்பிக்க ஆகஸ்டில் ஆள் தேடினால் தாமதம். பிப்ரவரி முதல் மே வரை பல ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள், எங்களோடு சேர்ந்து விண்ணப்பிக்க விரும்புகிறவர்கள் ஒரு பக்கச் சுருக்கத்தோடு எழுதுங்கள் என்று யூராக்செஸில் அழைப்பு விடுகின்றன. அதில் தேர்வாகிறவர்களுக்கு விண்ணப்பம் எழுதப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். இந்த அழைப்புகளைத்தான் நீங்கள் அலர்ட்டில் பிடிக்க வேண்டும். போட்டி கடுமை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். 2025 அழைப்புக்கு 17,000-க்கும் மேல் விண்ணப்பங்கள் வந்தன. மதிப்பெண்ணில் பாதி ஆய்வின் தரத்துக்கு, முப்பது சதவீதம் அதன் தாக்கத்துக்கு, இருபது சதவீதம் செயல்படுத்தும் திட்டத்துக்கு. நம்மவர்கள் அறிவியல் பகுதியைப் பிரமாதமாக எழுதிவிட்டு, இந்த இரண்டு ஆண்டு உங்கள் வாழ்க்கையில் எதை மாற்றும் என்ற பகுதியில் நாலு பொதுவான வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். மதிப்பெண் போவது அங்கேதான். மதிப்பெண் ஒரு வரம்புக்குக் கீழே போனால் அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தோடு திரும்ப விண்ணப்பிக்க முடியாது என்று ஒரு விதி வேறு இருக்கிறது. அவசரத்தில் அரைகுறையாக அனுப்பாதீர்கள்.

நீங்கள் உயிர்வேதியியல் என்பதால், உயிரியல் ஆய்வுக்குப் பணம் தரும் பன்னாட்டு அமைப்பான ஹெச்.எஃப்.எஸ்.பி.யின் ஃபெல்லோஷிப்பையும் பாருங்கள். நாடும் மாற வேண்டும், ஆய்வுக் களமும் மாற வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. பிஎச்.டி.யில் செய்ததையே தொடர நினைப்பவர்களுக்கு அது சரிவராது.

தமிழ், வரலாறு, மானுடவியல் படித்தவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. மேலே சொன்ன மரீ கியூரி, ஹும்போல்ட் எல்லாம் உங்களுக்கும் உண்டு, அறிவியலுக்கு மட்டும் என்று பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும், தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் புதுச்சேரி மையமும், ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தின் சுவடியியல் மையமும் தமிழ்ச் சுவடி, கல்வெட்டு ஆய்வுகளில் இருப்பவை. தர்மா என்ற கல்வெட்டுத் திட்டம் ஐரோப்பிய ஆய்வு மன்ற நிதியில்தான் நடந்தது. கிரந்தமும் வட்டெழுத்தும் படிக்கத் தெரிந்தவர் உலகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அந்தத் திறமைக்கு மதிப்பு அதிகம்.

இந்தியாவுக்குள் இருக்கும் வழியையும் தள்ளிவிடாதீர்கள். வெளிநாடு போகாவிட்டால் தோல்வி என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அது உடன்பாடில்லை. நேஷனல் போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் இரண்டு ஆண்டுக்கு, வயது வரம்பு 35. பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்தாண்டுத் தளர்வு. முன்பு மத்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பான எஸ்.இ.ஆர்.பி. நடத்தியது, இப்போது 2023 சட்டப்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளையின் கீழ் வந்துவிட்டது. பழைய இணையப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திட்டமே நின்றுவிட்டது என்று சிலர் கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன். உங்கள் துறைக்கு மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறையின் (டி.பி.டி.) ரிசர்ச் அசோசியேட்ஷிப் உண்டு, பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. அதை ஒருங்கிணைத்து வந்திருக்கிறது. அதே ஐ.ஐ.எஸ்சி.க்கு சி.வி. ராமன் பெயரில் தனியாக ஒரு போஸ்ட்டாக் திட்டம் இருக்கிறது. சமூக அறிவியலுக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். ஃபெல்லோஷிப் இருக்கிறது. மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர்., டி.எஸ்.டி. திட்டங்களில் ரிசர்ச் அசோசியேட் முதல்நிலைக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 58,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. எதுவானாலும் பணம் சில மாதம் பிந்தி வருவது உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பெண் சேர்ந்து ஏழு மாதம் கழித்துத்தான் முதல் தொகையைப் பார்த்தார், அதுவரை அண்ணன் அனுப்பிய பணத்தில் அறை வாடகை கொடுத்தார். கையில் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு சேருங்கள். சேரும் முன் அந்த லேபில் இருக்கும் ஸ்காலர்களிடம் பணம் எப்படி வருகிறது என்று கேட்டுவிடுங்கள்.

வெளிநாடு போய்த் திரும்ப நினைத்தால் வயதுக் கணக்கு இப்போதே மனதில் இருக்கட்டும். மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் ஃபேகல்டி ஃபெல்லோஷிப்புக்கு பொதுப்பிரிவில் வயது வரம்பு 32, ராமானுஜன் ஃபெல்லோஷிப்புக்கு 40. டி.பி.டி.யின் ராமலிங்கசுவாமி திட்டம் வெளிநாட்டிலிருந்து திரும்பும் உயிரியல் ஆய்வாளர்களுக்கென்றே இருக்கிறது.

அப்புறம், நம் ஊர்க்காரர்களுக்கே வரும் இரண்டு சிக்கல்கள். ஒன்று பெயர். பேப்பரில் 'எஸ். கவிதா' என்று வந்திருக்கும், பாஸ்போர்ட்டில் 'கவிதா சுப்பிரமணியன்' என்று இருக்கும், டிகிரியில் 'கவிதா எஸ்.' என்று இருக்கும். வெளிநாட்டு அலுவலகத்தில் இவர்கள் மூன்று பேரா என்று கேட்பார்கள். இன்றே ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்க்கிட் எண் வாங்கி எல்லாப் பேப்பரையும் அதில் சேருங்கள், இனி வரும் பேப்பரில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் போடுங்கள். இரண்டாவது, வைவா என்ற வாய்மொழித் தேர்வு. சமர்ப்பித்த பின் தேர்வாளர் அறிக்கை வந்து வைவா நடக்க எனக்கு ஒன்பது மாதம் ஆனது. அதற்குள் கையில் இருந்த ஓர் இடத்தை இழந்தேன். எட்டு மாதத்தில் சமர்ப்பிப்பேன் என்றால் பத்தாவது மாதம் சேர்கிறேன் என்று யாருக்கும் எழுதாதீர்கள். தேர்வுக் கட்டுப்பாட்டாளரிடமிருந்து தீசிஸ் சமர்ப்பித்த கடிதமும், வைவா முடிந்த அன்றே புரொவிஷனல் சான்றிதழும் வாங்கிவிடுங்கள். எந்தக் காகிதம் போதும் என்று அழைக்கும் நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

பரிந்துரைக் கடிதம் மூன்று பேரிடம் வேண்டியிருக்கும். கைடு ஒருவர். மற்ற இருவரும் உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களாக இருக்கட்டும், துறைத்தலைவர் என்ற பதவிக்காக யாரையும் கேட்காதீர்கள். "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று கைடு சொன்னால், அதற்குப் பதிலாக உங்கள் வேலையில் அவர் குறிப்பிட வேண்டிய நாலு விஷயங்களை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, அவர் சொற்களில் எழுதித் தரக் கேளுங்கள். ஒரே ஆள் எழுதிய மூன்று கடிதங்களை தேர்வுக்குழு இரண்டாவது பத்தியிலேயே கண்டுபிடித்துவிடும்.

இன்டர்வியூ வந்தால் அவர்கள் கேட்பதற்குச் சமமாக நீங்களும் கேளுங்கள். முதல் ஒப்பந்தம் எத்தனை மாதம், பணம் எந்தத் தேதி வரை உறுதி, போகும்போது எந்தப் பகுதியை நான் எனக்கென எடுத்துக்கொண்டு போகலாம் என்பவை கட்டாயம். ஜெர்மனி என்றால் இது ஒப்பந்த வேலையா, உதவித்தொகையா என்றும் கேளுங்கள். ஒப்பந்தம் என்றால் பொதுத்துறைச் சம்பள அட்டவணைப்படி, ஓய்வூதியப் பங்களிப்போடு வரும். உதவித்தொகையில் அந்தப் பங்களிப்பு இருக்காது. பிறகு அந்த லேபை விட்டுப் போன இரண்டு பேரைத் தேடிப் பிடித்து அரை மணி நேரம் பேசுங்கள். உள்ளே இருப்பவர்கள் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். எங்கேயாவது விண்ணப்பச் செலவு, விசா முன்பணம் என்று உங்களிடம் பணம் கேட்டால் அது மோசடி. ஆள் எடுக்கும் பேராசிரியர் விண்ணப்பதாரரிடம் காசு வாங்குவதில்லை.

கடைசியாக, உங்களுக்கு வந்த அந்த இரண்டாவது பதில். "அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் எழுதுங்கள்" என்றாரே, அதை நீங்கள் மறுப்புக் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். அறுபதில் அது ஒன்றுதான் திறந்த கதவு. அவர் நிதிக்கு விண்ணப்பித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கலாம். ஜனவரி வரை சும்மா இருக்காதீர்கள். இந்த வாரமே நன்றி சொல்லி மூன்று வரி எழுதுங்கள். நவம்பரில் உங்கள் புதிய முடிவு ஏதாவது வந்தால் ஒரு படத்தோடு அனுப்புங்கள். ஜனவரி முதல் வாரத்தில், மரீ கியூரிக்கு அவரை ஏற்பாளராக வைத்து விண்ணப்பிக்கலாமா என்று ஒரு பக்க ஆய்வுச் சுருக்கத்தோடு கேளுங்கள். அந்த ஒரு பக்கத்தை எழுதி முடித்ததும் இங்கே போடுங்கள், நான் படித்துத் திருத்தித் தருகிறேன்.